முதல் கம்பத்துக்கு ஓடுபவன்

அண்ணன் கை தூக்கினால் கோல் அண்ணனுடையது.

இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. உடை மாற்றும் அறையின் கதவுக்குப் பின்னால், தாமதமாக வந்தால் அபராதம், அறைக்குள் கைபேசி கூடாது, ஈரக் காலணியோடு பெஞ்சின் மேல் ஏறக் கூடாது என்றெல்லாம் அச்சடித்து ஒட்டியிருந்த விதிகளில் இது இடம்பெறவில்லை. ஒட்டியிருந்தவை அனைத்தும் வாரத்துக்கு ஒரு முறையாவது மீறப்பட்டன. ஒட்டப்படாத இந்த ஒன்றை மட்டும் எவரும் மீறியதில்லை.

விதி செயல்பட்ட முறை எளிமையானது. அந்த நிலைப் போட்டிகளில் படத்தை ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வசதி கிடையாது. கோலுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் முட்டி மோதிக்கொண்டு நிற்கும்போது பந்து யாருடைய முழங்காலிலோ தோளிலோ பட்டு உள்ளே போகும். யார் அடித்தது என்று நடுவருக்குத் தெரிந்திருக்காது. அவர் மெல்ல ஓடிவந்து கேப்டனிடம், "எந்த நம்பர்?" என்பார். கேப்டன் அண்ணன்தான். அவருடைய வலது கை ஏற்கெனவே தலைக்கு மேலே போயிருக்கும். "ஒன்பது," என்பார். ஒன்பது அவர் முதுகில் இருக்கும் எண். நடுவர் தம்முடைய அட்டையில் குறித்துக்கொள்வார். அதற்குப் பிறகு அதில் பேச ஒன்றுமில்லை.

அந்த அணியில் எவரும் இதைத் திருட்டு என்று நினைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்ணன் அந்த அணியின் முகம். டிக்கெட் கவுண்டருக்கு மேலிருந்த பெரிய படத்தில் நின்றவர் அவரே. வெயில் பட்டுப் பட்டு அவருடைய சட்டை வெளுத்து எதிரணியின் நிறத்துக்கு வந்துவிட்டது என்பது ரசிகர்களின் பழைய கேலி. விடுதியின் கூரை ஒழுகினால் நிர்வாகத்திடம் போய்ப் பேசுகிறவர் அவர். கோல் காவலனின் தாயார் மருத்துவமனையில் இருந்தபோது தம் காரில் அழைத்துச் சென்று மாலைவரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரும் அவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு கோலை விட்டுக்கொடுப்பது, ஓடும் பேருந்தில் வயதானவருக்கு எழுந்து இடம் தருவது போன்ற ஒன்றாகவே அவர்களுக்குத் தோன்றியது. எழுந்துவிட்ட பிறகு, அது யார் உட்கார்ந்திருந்த இடம் என்று எவரும் கேட்பதில்லை.

அந்தப் பருவத்தில் புதிதாக வந்த முன்கள ஆட்டக்காரனை எல்லோரும் சின்னவன் என்று கூப்பிட்டார்கள். ஓராண்டு ஒப்பந்தம். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். அவன் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது: ஓராண்டு ஆடிப் பார்க்கலாம், அணி தொடர்ந்து வைத்துக்கொள்ளவில்லை என்றால், அக்காவின் கணவர் வேலை செய்யும் லிப்ட் கம்பெனியில் உதவியாளனாகச் சேர்ந்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டை அப்பா தொலைபேசியில் சொன்னபோது சின்னவன் சிரித்தபடி சம்மதித்தான். அந்த வயதில் ஓராண்டு என்பது முடிவே இல்லாத ஒன்றாகத் தெரியும்.

அவனுக்குத் தரப்பட்ட வேலை வினோதமானது. மைதான மூலையிலிருந்து கார்னர் உதைக்கும்போதும், பக்கவாட்டிலிருந்து பந்து தூக்கிப் போடப்படும்போதும், அவன் பந்து வரும் பக்கத்திலிருக்கும் முதல் கம்பத்தை நோக்கி முழு வேகத்தில் ஓட வேண்டும். பந்து அங்கே வராது. அவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் நம்பிப் பின்னால் வருவார்கள். அவர்கள் காலி செய்த இடத்தில், தூரக் கம்பத்துக்கு அருகே, அண்ணன் நிதானமாக நடந்துவந்து நிற்பார். பந்து அவரிடம் போகும். பயிற்சியாளர் இதைப் பலகையில் வரைந்து காட்டியபோது, சின்னவனுக்கான அம்புக்குறி முதல் கம்பத்தைத் தாண்டிப் பலகையின் விளிம்பில் போய் முடிந்தது.

"நம்பும்படி ஓடணும்," என்றார் பயிற்சியாளர். "பந்து உனக்குத்தான் வருதுன்னு நீயே நம்பணும். அப்பதான் அவன் நம்புவான்."

"வராதுன்னு எனக்குத் தெரியுமே, கோச்."

"தெரிஞ்சதை முகத்துல காட்டாத."

முகத்தில் காட்டாமல் அவன் ஓடினான். ஒவ்வோர் ஆட்டத்திலும், பயிற்சி நாள்களில் மீண்டும் மீண்டும், முதல் கம்பம்வரை பாய்ந்து, வெறுங்காற்றில் தலையை வீசி, விழுந்து எழுந்து திரும்பினான். பந்தைத் துரத்தி ஓடிய களைப்பைப் பனிக்கட்டித் தொட்டியில் கால்களை வைத்து இறக்கிவிடலாம். பந்து வராத இடத்துக்கு ஓடிய களைப்பு கால்களில் தங்குவதில்லை. அது எங்கே தங்குகிறது என்று தெரியாததால் அதற்குப் பனிக்கட்டி வைக்கவும் முடியவில்லை.

ஒரு பிற்பகலில், மழை விட்டு மைதானம் இன்னும் சொதசொதவென்று இருந்தபோது, கார்னர் உதைத்தவன் வழுக்கினான். தூரக் கம்பத்துக்குப் போக வேண்டிய பந்து தாழ்ந்து முதல் கம்பத்துக்கே வந்தது. சின்னவனின் கணுக்காலுக்கு மேலே எலும்பில் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. சிறுவயது முதல் அவன் கற்பனை செய்து வைத்திருந்த முதல் கோல் இது. அதை எப்படிக் கொண்டாடுவது என்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பழகியும் வைத்திருந்தான். அவன் திரும்பியபோது எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், அவனைத் தாண்டி. அண்ணன் கை உயர்த்தியபடி ரசிகர்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

நடுத் தடுப்பாட்டக்காரனின் தோள் அகலத்தைப் பார்த்து அவனுக்கு அலமாரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அலமாரிதான் சின்னவனின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"என்னடா மரம் மாதிரி நிக்குற? வந்து கட்டிப்பிடி."

"மச்சான், அது என் கால்ல பட்டு..."

"தெரியும். வா."

அந்த 'தெரியும்' அவனுக்குப் பெரும் அசதியைத் தந்தது. தெரியாதவர்களிடம் சொல்லிப் புரியவைக்கலாம். தெரிந்தவர்களிடம் சொல்ல என்ன இருக்கிறது?

அவன் தங்கியிருந்தது அக்காவின் வீட்டில். இரண்டு அறைகளும் ஒரு கூடமும். கூடத்தின் சோபாவை இரவில் விரித்தால் அவன் படுக்கை, காலையில் மடித்தால் மாமாவின் செய்தித்தாள் மேசை. அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். நாள் முழுக்கப் பல்வலிக்காரர்களின் புலம்பலைக் கேட்டுக் கேட்டு, யார் உண்மையாக வலிக்கிறது என்கிறார்கள், யார் வரிசையில் முந்தப் பார்க்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அன்று உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஆட்டத்தின் துண்டு ஒன்றைக் காட்டியிருந்தார்கள்.

அவன் பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டாள். "ஏன்டா, அது உன் கால்ல பட்டுத்தானே போச்சு?"

"இல்லக்கா. அவரும் தொட்டாரு."

"எதால? மனசாலயா?"

மாமா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "விடு. அவர் சீனியர். நான் ரிப்பேர் பண்ணின லிப்டுக்கெல்லாம் எங்க சூப்பர்வைசர்தான் கையெழுத்துப் போடுறாரு. நான் ஏதாவது கேட்டேனா?"

"லிப்ட் நின்னு போனா மட்டும் உங்களைத்தானே கூப்பிட்டுத் திட்டுறாங்க?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

சற்று நேரத்தில் அப்பா கூப்பிட்டார். ஆட்டத்தின் முடிவைப் பார்த்திருக்கிறார். "ஜெயிச்சிட்டீங்க போல. உன் பேரு எங்கயும் காணோமேப்பா. ஆடினியா?"

"ஆடினேம்ப்பா. கடைசிவரைக்கும் ஆடினேன்."

"ஓ," என்றார் அப்பா. அந்த 'ஓ'வில் குறையோ கோபமோ இல்லை. நம்பலாமா என்று யோசிக்கிறவரின் 'ஓ' அது.

அதன்பின் அது பழகிப்போயிற்று. வெளியூர் ஆட்டம் ஒன்றில் அவன் தோளில் பட்டுப் போனது ஒன்று. சொந்த மைதானத்தில், அவன் அடித்த பந்து எவர் மேலும் படாமல் நெரிசலுக்குள் புகுந்து போனது இன்னொன்று. இரண்டிலும் அண்ணனின் கை முதலில் மேலே போனது. இரண்டாவதில் அவர் பந்துக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்றார். உடை மாற்றும் அறையில் அவரே வந்து சின்னவனின் முதுகில் தட்டி, "நல்ல பந்து தம்பி. என் பூட்ஸ்ல லேசா உரசுச்சு பாரு, இல்லன்னா வெளிய போயிருக்கும்," என்றார். அவர் முகத்தில் துளியும் பொய் இல்லை. சின்னவனை உண்மையில் கலங்கவைத்தது அதுதான். அவருக்கு அந்த உரசல் கேட்டிருந்தது.

பருவம் முடிய இரண்டு ஆட்டங்கள் இருக்கும்போது அந்தத் தவறு நடந்தது. வேறெந்தத் தொழிலிலும் ஒருவன் அப்படித் தவறியிருக்க முடியாது. எதிரணிக் காவலன் பந்தைக் கையில் பிடித்தவன், தன் ஆள் ஒருவன் மீதே மோதி விழுந்தான். பந்து உருண்டு சின்னவனின் வலது காலுக்கு வந்து நின்றது. எதிரே கோல் முழுதாகத் திறந்து கிடந்தது. நடந்துபோய் உள்ளே வைத்துவிட்டு வரலாம். சின்னவன் பந்தை நிறுத்தினான். தலையை உயர்த்தினான். தூரக் கம்பத்தருகே அண்ணனைத் தேடினான். கண்டுபிடித்து, அவருக்குப் பந்தைத் தட்டினான். அது போய்ச் சேர்வதற்குள் ஒரு தடுப்பாட்டக்காரன் சறுக்கிவந்து வெளியே தள்ளிவிட்டான். அரங்கத்தில் முதலில் ஒரு மௌனம். பிறகு எழுந்த சத்தத்தைச் சத்தம் என்று சொல்வது மரியாதைக்காக.

அந்த ஆட்டத்தில் தோற்றார்கள்.

அறையில் பயிற்சியாளர் கதவைச் சாத்தினார். "கோலி தரையில கிடக்கான். உனக்கும் கோலுக்கும் நடுவுல புல்லு மட்டும்தான் இருக்கு. நீ யாரைடா தேடின?"

யாரைத் தேடினான் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், கேட்டவருக்கும் சேர்த்து. அண்ணன் குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னப் பையன், கோச்," என்றார் நிமிராமல். "பதட்டப்பட்டுட்டான். நான் பேசிக்கறேன், விடுங்க."

பயிற்சியாளர் விட்டார். அண்ணன் சொன்னால் எல்லோரும் விடுவார்கள். சின்னவன் தன் காலுறையைச் சுருட்டிக்கொண்டே, தன்னைக் காப்பாற்றிய அந்தக் குரலைக் கேட்டபோது அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தான். வாய் வரவில்லை. வெட்கத்தால் அல்ல, வெறும் களைப்பால்.

வீட்டில் மாமா அன்று கேலி செய்யாமலிருக்க முயன்று தோற்றார்.

"சில பேரு இருக்காங்க மாப்ள. லிப்ட் வந்து கதவு திறந்து நிக்கும். ஏற மாட்டாங்க. 'நீங்க முதல்ல போங்க, நீங்க முதல்ல போங்க'ன்னு பின்னாடி இருக்கிறவரைக் கூப்பிடுவாங்க. கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும்? நான்தானே அதை செட் பண்றவன், எனக்குத் தெரியாதா?"

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றாள் அக்கா. பிறகு தம்பியிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பொய் சொல்லாம சொல்லு. அந்த நேரத்துல உனக்கு அடிக்கணும்னு தோணவே இல்லையா?"

சின்னவன் யோசித்தான். "தோணலக்கா. அவர் எங்கன்னுதான் தோணிச்சு."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் எந்த நோயாளியின் முன்னாலும் அவள் இப்படி முகம் மாறியதில்லை.

மறுநாள் காலையில் பயிற்சியாளர் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். அது அறை என்று சொல்லத்தக்கதல்ல. பந்துகள் நிறைந்த வலைப்பைகளுக்கு நடுவே ஒரு மேசை, காலொடிந்து சுவரில் சாய்ந்த ஒரு நாற்காலி. அதில் உட்காரச் சொன்னார். சின்னவன் நின்றான்.

"கடைசி ஆட்டம் முடிஞ்சதும் நிர்வாகத்துல உட்கார்ந்து பேசுவாங்க. யாரை வச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு. ஃபார்வர்டு இத்தனை பேரு வேணாம்ங்கறாங்க."

"என்னையா அனுப்புவாங்க, கோச்?"

"உன் பேருக்கு நேரா பூஜ்யம் இருக்குப்பா. வருஷம் பூரா ஆடின ஃபார்வர்டுக்கு ஒரு கோல்கூட இல்லைன்னா நான் என்ன பேசறது? 'நல்லா ஓடுறான்'னா? 'அப்படின்னா ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புங்க'ன்னு சிரிப்பாங்க."

சின்னவன் அவரைப் பார்த்தான். அவர் மேசையின் மேலிருந்த விசிலை எடுத்து, அதன் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"கோச், அந்த மூணு..."

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறியா?" வெடுக்கென்று சொன்னவர் உடனே தணிந்தார். "அவங்க ஆட்டத்தைப் பார்க்க வர்றவங்க இல்ல. ரிப்போர்ட்டைப் பார்க்கறவங்க. அதுல உன் பேரு ஒரே ஒரு தடவை இருந்தா போதும். ஒண்ணு. அதை வச்சு நான் மத்ததைப் பேசிக்கறேன். ஒண்ணுமே இல்லாம எதைப் பிடிச்சுப் பேசுவேன், சொல்லு?"

"நீங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..."

"நான் இங்க வந்து மூணாவது சீசன்," என்றார் பயிற்சியாளர். "அண்ணன் எத்தனை கோச்சைப் பார்த்தவருன்னு தெரியுமா?"

கதவுக்கு வெளியே யாரோ பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக்கு முந்தைய ஆட்டம் வெளியூரில். அதில் கோலே விழவில்லை. திரும்பி வரும் பேருந்தில் பாதிப்பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். மதிய வெயில் கண்ணாடி வழியாக மடிமீது விழுந்தது. அண்ணன் எழுந்து வந்து சின்னவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். இடது முழங்காலை இரண்டு கைகளாலும் தூக்கி, எதிர் இருக்கையின் அடியில் நீட்டி வைத்தார். அது தானாக மடங்காத கால் என்பது அப்போதுதான் சின்னவனுக்குத் தெரிந்தது.

"மாசக்கணக்கா இப்படித்தான்," என்றார் அண்ணன். "பிசியோகிட்ட சொல்லிடாத. சொன்னா ஆட முடியாதுன்னு எழுதிடுவான்."

"வலிக்குதாண்ணா?"

"வலிச்சா பரவாயில்ல. நின்னுடுது." ஜன்னல் பக்கம் பார்த்தார். "இந்த சீசன்லயும் நான்தான் டாப் ஸ்கோரர்னு வந்துட்டா இன்னொரு வருஷம் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. அந்த பக்கத்து டீம்காரன் இருக்கானே, அவனும் நானும் இப்ப சரிசமம். இன்னும் ஒண்ணு வேணும். ஒண்ணே ஒண்ணு."

தனக்கும் ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்பது சின்னவனின் நாக்கின் நுனியில் இருந்தது. பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"நீ என்ன நினைக்கறன்னு எனக்குத் தெரியாம இல்ல," என்றார் அண்ணன். "உன் வயசுல எனக்கும் மேல ஒருத்தர் இருந்தாரு. அவரு பெரிய ஆளு. எவ்வளவு குடுத்தேன் தெரியுமா அவருக்கு? ஒரு நாளும் கேட்டதில்ல. இன்னிக்கு எனக்கு வருது. நாளைக்கு உனக்கும் ஒருத்தன் வருவான். அவன் ஓடுவான், நீ நிப்ப." சின்னவனின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "எல்லாம் கணக்கு சரியாயிடும்டா."

அவர் பிரியமாகத்தான் சொன்னார். சின்னவன் அந்த நாளைய ஒருவனை நினைத்துப் பார்த்தான். எங்கோ பள்ளி மைதானத்தில் இந்நேரம் ஆடிக்கொண்டிருப்பான். அவன் வந்துசேரும்வரை காத்திருந்து, அவன் காலில் பட்டுப் போகும் பந்துகளுக்காகத் தானும் கை உயர்த்தி, அந்த உரசல் தன் காதுக்கும் கேட்கத் தொடங்கும் நாள்வரை ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நினைப்பே அவனைச் சோர்வடையச் செய்தது. அண்ணன் சற்று நேரத்தில் தூங்கிப்போனார். தூக்கத்தில் அவருடைய தலை சாய்ந்து சின்னவனின் தோளில் விழுந்தது. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். தோள் மரத்துப்போனபோதும் அவன் அதை விலக்கவில்லை.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில் நடந்தது. அக்காவும் மாமாவும் முதல்முறையாக நேரில் பார்க்க வந்திருந்தார்கள். மாமா வேலைச் சட்டையோடு வந்திருந்தார். முதுகில் லிப்ட் கம்பெனியின் பெயர் பெரிதாக இருந்ததால், பக்கத்திலிருந்தவர்கள் அவரை ஸ்பான்சர் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்கள் என்று அக்கா இடைவேளையில் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். சின்னவன் அதைப் படிக்கவில்லை. அறைக்குள் கைபேசி கூடாது.

இரண்டாம் பாதியில் அண்ணன் நடக்கவே திணறினார். பயிற்சியாளர் மாற்று வீரனைப் பக்கவாட்டில் நிறுத்தினார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தார். பயிற்சியாளர் மாற்று வீரனை மறுபடி உட்காரவைத்தார். கோல் எதுவும் விழாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. சின்னவன் ஓடினான். வழக்கம்போல் முதல் கம்பத்துக்கு, வழக்கம்போல் வெறுங்காற்றுக்கு. ஒருமுறை, இன்னொருமுறை. அவன் பின்னால் வந்த தடுப்பாட்டக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டே, "டேய், உனக்குப் பந்தே வர்றதில்லையே, அப்புறம் எதுக்குடா என்னையும் சேர்த்து ஓட வைக்கற?" என்று கேட்டான். சின்னவனுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

"எனக்குச் சம்பளமே அதுக்குத்தான்," என்றான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கார்னர் கிடைத்தது. உதைக்கப் போனவனும் களைத்திருந்தான். அவனுடைய காலில் தூரக் கம்பம்வரை தூக்கிப் போடும் வலு மிச்சமில்லை. பந்து பாதி உயரத்தில், வேகமாக, முதல் கம்பத்துக்கு வந்தது. சின்னவன் ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருந்தான். ஓராண்டாக எதற்காக ஓடினானோ அது, சொல்லாமல் கொள்ளாமல், அவன் முகத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது. இம்முறை அவன் யாரையும் தேடவில்லை. தேட நேரமும் இல்லை. தலையைக் கொடுத்தான். நெற்றியின் நடுவில் பட்டது. பட்ட இடம் சுள்ளென்றது. காவலனின் கைக்கும் கம்பத்துக்கும் நடுவே பந்து போனது. அது கோட்டைத் தாண்டிய பிறகே அண்ணனின் நீட்டிய கால் அந்த இடத்துக்குச் சறுக்கி வந்து சேர்ந்தது.

அரங்கம் எழுந்தது. அண்ணன் புல்லில் கிடந்தார். எழ முடியாமல் ஒரு முழங்கையை ஊன்றிக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தினார்.

அலமாரி ஓடிவந்து அவர்மேல் விழுந்தான். அவன்மேல் இன்னொருவன். பார்வையாளர் மேடையிலிருந்து ரசிகர்கள் அண்ணனின் பெயருக்கென்று வைத்திருந்த பாட்டை எடுத்துவிட்டார்கள். அந்தக் குவியலுக்கு வெளியே, சின்னவன் முதல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றி எரிந்தது. அந்த எரிச்சல் மட்டுமே அந்த மைதானத்தில் அவனுடைய பக்கம் நின்ற சாட்சி. அதுவும் சிறிது நேரத்தில் ஆறிவிடும்.

நடுவர் மெல்ல ஓடிவந்தார். குவியல் கலைந்தது. அலமாரியின் தோளைப் பிடித்து அண்ணன் எழுந்து நின்றார்.

"எந்த நம்பர்?"

"ஒன்பது," என்றார் அண்ணன். வலியில் அவர் முகம் வெளிறியிருந்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தவரின் சிரிப்பு.

நடுவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். ஆட்டக்காரர்கள் மைதானத்தில் தங்கள் பாதிக்குத் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். சின்னவனும் நடந்தான். கால்கள் பழக்கத்தால் நடந்தன. நடுவரைக் கடந்து இரண்டெட்டு போனவன் நின்றான். அடுத்த எட்டை எடுத்து வைக்க அவனிடம் ஏதோ தீர்ந்துபோயிருந்தது. கோபமாக இருந்திருந்தால் அது எப்போதோ வெடித்திருக்கும். இது அப்படியல்ல. நெடுநேரம் சுமந்துவந்த ஒன்றை, இறக்கி வைக்க நல்ல இடம்கூடத் தேடாமல், இருக்கிற இடத்திலேயே போடுகிறவனைப் போல அவன் திரும்பினான்.

"சார்."

நடுவர் நிமிர்ந்தார்.

"ஒன்பது இல்ல சார். பத்தொன்பது. நான் அடிச்சது."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அருகில் நடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மேடையில் பாட்டு மட்டும் தொடர்ந்தது.

"என்னப்பா இது, கேப்டன் ஒண்ணு சொல்றாரு, நீ ஒண்ணு சொல்ற?" என்றார் நடுவர்.

அண்ணன் நொண்டியபடி அருகே வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. குழந்தைக்கு எடுத்துச் சொல்கிறவரைப் போல, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "தம்பி, பட்டுச்சுடா. கால் விரல் நுனியில பட்டுச்சு. நான் உணர்ந்தேன்."

சின்னவன் அவருடைய முகத்தைப் பார்த்தான். பேருந்தில் தன் தோளில் சாய்ந்து தூங்கிய அதே முகம். அவர் கேட்கும்படியும், நடுவர் கேட்கும்படியும், நின்றுவிட்ட எல்லோரும் கேட்கும்படியும் சொன்னான்:

"படலண்ணா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே உள்ள போயிடுச்சு. போன மூணும் அப்படித்தான்."